வான்வழித் தொலைவும் பயண நேரமும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது காந்தலூர். அஞ்சுநாடு என வழங்கும் ஐந்து ஊர்களுள் இதுவும் ஒன்று. தமிழ் பேசும் குடியானவர் பலர் வாழும் இவ்வூர் வெள்ளைப்பூண்டுக்கும் குளிர்நிலக் காய்கறிகளுக்கும் பெயர் பெற்றது. இவ்வூரின் அருகே விமான நிலையம் எதுவும் இல்லை. மேற்கே நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையமும், வடக்கே கோயம்புத்தூர் விமான நிலையமும் நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆயினும் மூணாறு, அடிமாலி வழியாக மலைச் சாலையில் கொச்சி நிலையத்தை அடைவதற்குச் சுமார் 160 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஐந்து மணி நேரம் வரை ஆகும். அங்கிருந்து விமானம் ஏறியவர் 2,780 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள துபாயை நான்கு மணி நேரத்தில் அடைந்துவிடுகிறார்.

தொலைவு வேறு, பயண நேரம் வேறு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே விளக்கும். வெளிநாடு செல்வோருக்கு வழி சொல்லும் களப்பணியாளரும், பூகோளம் கற்பிக்கும் ஆசிரியரும் இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். கணக்கு ஒரு சில மணி நேரம் பிசகினாலும் விமானம் தவறலாம். அழுகும் சரக்கு வழியிலேயே வீணாகலாம். குறுகிய விடுப்பில் வருபவரின் நாட்கள் குறையலாம்.

நேர்கோடு என்பது எது?

பூமி ஏறக்குறைய ஓர் உருண்டை. உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி யாதெனில், அவ்விரு இடங்களையும் பூமியின் மையத்தையும் ஒருசேரத் தொட்டு வெட்டும் தளம் மேற்பரப்பில் வரையும் வட்டத்தின் சிறிய வில்லே ஆகும். இவ்வட்டத்திற்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். ஒவ்வொரு தீர்க்கரேகையும் பெருவட்டத்தின் பாதி. ஆனால் நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. ஆதலால் ஒரே அட்சரேகையில் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே அந்த ரேகை வழியே செல்வது மிகக் குறுகிய வழி ஆகாது.

பெருவட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகைகளாகப் பகுத்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் வரும். பாகையின் அறுபதில் ஒரு பங்கே கடல் மைல். அதன் அளவு 1.852 கிலோமீட்டர். மாலுமிகளைப் போலவே விமானிகளும் தொலைவைக் கடல் மைலில் கணக்கிடுவதற்குக் காரணம் இதுவே. பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் அமைக்கும் கோணம் தெரிந்தால் தொலைவு தானே தெரிந்துவிடும்.

தட்டையான பூகோளப் படம் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது. பெங்களூரையும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொள்ளலாம். சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் முறைப் படத்தில் இவ்விரண்டையும் கிழக்கு நோக்கி அளவுகோலால் இணைத்தால், கோடு பசிபிக் பெருங்கடலின் நடுவே செல்லும். அக்கோட்டின் வழியே உண்மையில் பறந்தால் தொலைவு சுமார் 16,100 கிலோமீட்டர். பெருவட்ட வழியோ ஏறக்குறைய 13,990 கிலோமீட்டரே. அது சீனா, கிழக்குச் சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, சுமார் 71 பாகை வட அட்சம் வரை ஏறி, அலாஸ்காவின் பக்கமாக இறங்குகிறது. படத்தில் வளைந்து நீண்டு தோன்றும் வழியே உருண்டையின் மீது குறுகிய வழி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது.

வகுப்பில் செய்து காட்டத் தக்கவை

இதனைக் காட்ட விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பூகோள உருண்டையின் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். ஆகவே அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 425 கிலோமீட்டரைக் குறிக்கும். பெங்களூரில் நூலின் ஒரு முனையை வைத்து, மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து, நூலை இறுக்கிப் பிடித்தால் அது தானாகவே வடக்கு நோக்கி ஏறிப் பெருவட்டத்தில் படியும். நூலின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் இருக்கும். 33ஐ 425ஆல் பெருக்கினால் 14,000 கிலோமீட்டர் கிடைக்கிறது. கொச்சியிலிருந்து துபாய்க்கு நூல் ஆறரை சென்டிமீட்டரே ஆகும்.

உயர்நிலை வகுப்பு மாணவர்கள் கோண கணிதத்தாலும் இதைக் கண்டறியலாம். இரண்டு ஊர்களின் அட்சங்களின் சைன்களை ஒன்றோடொன்று பெருக்குதல் முதற்படி. அட்சங்களின் கோசைன்களையும், தீர்க்க வேறுபாட்டின் கோசைனையும் பெருக்குதல் இரண்டாம் படி. இவ்விரு பெருக்குத் தொகைகளையும் கூட்டினால் மையக் கோணத்தின் கோசைன் கிடைக்கும். கொச்சி நிலையம் 10.15 பாகை வட அட்சத்திலும் 76.40 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. துபாய் நிலையம் 25.25 பாகை வட அட்சத்திலும் 55.36 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. தீர்க்க வேறுபாடு 21.04 பாகை. முதற்பெருக்கம் 0.075, இரண்டாவது 0.831, கூட்டுத்தொகை 0.906. இதற்குரிய கோணம் ஏறக்குறைய 25 பாகை. எனவே தொலைவு சுமார் 2,780 கிலோமீட்டர்.

தொலைவிலிருந்து நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள காற்றை ஒப்பிட மணிக்கு ஏறக்குறைய 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. 2,780ஐ 850ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரமே வருகிறது. ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மெல்ல உயரம் ஏறுதல், இறங்கும் நிலையத்தை வட்டமிட்டு அணுகுதல் ஆகியவற்றில் வேகம் குறைவு. இவற்றிற்காக அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டிக்கொள்ள வேண்டும். குறுகிய பயணத்தில் இக்கூடுதல் பெரிதாகத் தெரியும். நெடும்பயணத்தில் அது சிறு பங்கே ஆகும்.

இனிக் காற்றின் பங்கு. விமானத்தின் வேகம் காற்றை ஒப்பிட்டது. நிலத்தை ஒப்பிட்ட வேகமே ஊரைக் கொண்டு சேர்ப்பது. பின்னிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால் 900 என்பது 1,000 ஆகிறது. எதிர்த்து வீசினால் 800 ஆகிறது. போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் அன்றோ என மாணவர் கேட்கக் கூடும். 4,000 கிலோமீட்டர் பயணத்தில், எதிர்காற்றில் போவதற்கு 5 மணி. பின்காற்றில் திரும்புவதற்கு 4 மணி. ஆக 9 மணி. காற்றே இல்லையேல் போக வர 8 மணி 53 நிமிடமே ஆகும். எதிர்காற்றில் கழியும் நேரம் மிகுதியாதலால் காற்றினால் ஏற்படும் இழப்பு முற்றும் ஈடாவதில்லை.

உயர்வானில் வீசும் வலிய காற்றுகளுள் முதன்மையானவை ஜெட் காற்றோட்டங்கள். ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இவற்றை ஆராய்ந்து, 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். அதனை வெளிநாட்டார் பெரும்பாலும் கவனிக்கவில்லை. 1944இல் ஜப்பானின் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் எதிர்பாராத கடுங்காற்றைச் சந்தித்த பின்னரே இதன் முக்கியத்துவம் பரவலாக உணரப்பட்டது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டம் இவ்வகையினது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தீபகற்பத்தின் மேல் சுமார் 14 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் மற்றொரு காற்றோட்டத்தை இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1950களில் எடுத்துக் காட்டினார். அஞ்சுநாட்டில் மழைமேகங்கள் மேற்கிலிருந்து மலையேறி வரும் அதே நாட்களில், அவற்றிற்கு மிக மேலே காற்று எதிர்த்திசையில் விரைகிறது என்பது மாணவருக்கு வியப்பூட்டும்.

நீண்ட வழியே விரைவான வழி ஆனது

இக்கொள்கையைப் பயன்படுத்திய சிறந்த எடுத்துக்காட்டு தில்லி–சான் பிரான்சிஸ்கோ பயணம். இவ்விரு நிலையங்களுக்கும் இடையே பெருவட்டத் தொலைவு ஏறக்குறைய 12,380 கிலோமீட்டர். ஏர் இந்தியா நிறுவனம் 2015 டிசம்பரில் தொடங்கிய இச்சேவை முதலில் மேற்கு நோக்கி அட்லாண்டிக் வழியாகச் சென்றது. அவ்வழியின் நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் ஒரு விமானம் கிழக்கு நோக்கித் திரும்பிப் பசிபிக் வழியே சென்றது. பறந்த தொலைவு சுமார் 15,300 கிலோமீட்டர். எனினும் பின்காற்றின் உதவியால் பயணம் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. முந்தைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சமாயிற்று. 15,300ஐ 14.5ஆல் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 1,055 கிலோமீட்டர். காற்றில்லா வானில் அவ்விமானம் எட்ட இயலாத வேகம் இது. ஆகவே விமானிகள் தேடுவது மிகக் குறைந்த தொலைவை அன்று. மிகக் குறைந்த நேரத்தையும் எரிபொருளையுமே என்பது புலனாகும்.

2021 ஜனவரியில் இதே நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானம் ஒன்றை இயக்கியது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்களாக இருந்தனர். அவ்விமானம் வட துருவத்தின் மேலாகச் சென்றது. பறந்த தொலைவு சுமார் 16,000 கிலோமீட்டர் என அறிவிக்கப்பட்டது. பெருவட்ட வழியைவிட இது நீண்டதே. அவ்வாறாயினும் அன்றைய காற்றின் நிலை முதலியவற்றை எண்ணியே வழி வகுக்கப்படுகிறது. துருவ வழியில் இடர்களும் உண்டு. கடுங்குளிரில் எரிபொருள் உறையும் நிலையை அணுகலாம். காந்தத் திசைகாட்டியை நம்ப இயலாது. அவசரத்தில் இறங்கத் தக்க நிலையங்கள் மிகச் சிலவே.

அப்பயணத்தின் கடிகாரக் கணக்கும் கவனிக்கத் தக்கது. விமானம் 9ஆம் தேதி இரவு எட்டரை மணியளவில் புறப்பட்டு, 11ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு மேல் பெங்களூரில் இறங்கியது. நாட்காட்டியைப் பார்த்தால் சுமார் 31 மணி நேரம். ஆனால் குளிர்காலத்தில் இந்திய நேரம் சான் பிரான்சிஸ்கோ நேரத்தைவிட பதின்மூன்றரை மணி முன்னதாக ஓடுகிறது. அதைக் கழித்தால் உண்மையான பயணம் பதினேழு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டதே.

இரட்டைச் சூரியோதயம்

பண்டைய விமானங்களோடு ஒப்பிட்டால் இன்றைய வேகத்தின் அருமை விளங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்னும் நீர்விமானங்களை இயக்கியது. தொலைவு சுமார் 5,650 கிலோமீட்டர். எதிரிகளின் கண்ணில் படாதபடி வானொலியும் பேசாமல், விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டறிந்து, நிற்காமல் 27 முதல் 33 மணி நேரம் வரை பறந்தனர். ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டனர். அதனால் இச்சேவைக்கு இரட்டைச் சூரியோதயம் என்ற பெயர் வழங்கிற்று. எரிபொருளே பெரும் சுமையாக இருந்தமையால் மூவருக்கு மேல் பயணிகளை ஏற்ற இயலவில்லை. அதே தொலைவை இன்றைய ஜெட் விமானம் ஏழு மணி நேரத்திற்குள் கடந்துவிடும்.

ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948 ஜூன் 8இல் தொடங்கிய பம்பாய்–லண்டன் சேவையின் முதல் விமானமாகிய மலபார் பிரின்சஸ், கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் நின்று ஜூன் 10இல் லண்டனை அடைந்தது. 2020 நவம்பரில் தொடங்கிய சிங்கப்பூர்–நியூயார்க் கென்னடி நிலையச் சேவையோ 15,300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரத்தில் எங்கும் நிற்காமல் கடக்கிறது.

வான்வெளியின் எல்லைகள்

வானத்தில் வேலி இல்லை எனினும் எல்லை உண்டு. ஒவ்வொரு நாடும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளிக்கு உரிமை உடையது; அனுமதியின்றிப் பிற நாட்டு விமானம் செல்லலாகாது. 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரையிலும், மீண்டும் 2025 ஏப்ரலிலும் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, வட இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியாக நீண்டது. நிலையங்கள் இடம் பெயரவில்லை, தொலைவும் மாறவில்லை, வழி மட்டுமே மாறியது.

மாணவர் எழுப்பும் ஓர் ஐயம்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேலே எழும்பி நின்றால் ஊர் தானே வந்து சேராதா என்று கேட்பதுண்டு. நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பது உண்மை. ஆனால் நிலத்தோடு வளிமண்டலமும், அதனுள் இருக்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் இரயில் வண்டிக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவர் கையிலேயே விழுவது போன்றதே இது. கிழக்கே போகும் பயணமும் மேற்கே போகும் பயணமும் வேறுபடுவதற்கு நேரடிக் காரணம் காற்று.

காந்தலூரிலிருந்து கணக்கிடும் முறை

ஒருவர் காந்தலூரிலிருந்து துபாய் செல்வதாகக் கொள்வோம். விமானம் காலை 10 மணிக்குக் கொச்சியில் புறப்பட்டு, துபாய் நேரப்படி பகல் 12.30க்கு இறங்கும் என்று பயணச்சீட்டில் கண்டிருந்தால், பயணம் இரண்டரை மணி என்று எண்ணுவது தவறு. துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. ஆகவே பயணம் நான்கு மணி. நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருத்தல் வேண்டும். அதாவது காலை 7 மணி. மலைச் சாலைக்கு ஐந்து மணி. மழைக்காலத்தில் மேலும் இரண்டு மணி கூட்டிக்கொள்வது நலம். எனவே காந்தலூரை நள்ளிரவு 12 மணிக்கே விட வேண்டும். மொத்தம் பதினான்கு மணி நேரம் ஆகும் பயணத்தில் வானில் கழிவது நான்கு மணி மட்டுமே. எஞ்சிய பத்து மணியும் நிலத்தில் கழிகின்றன.

இயற்கை இடருக்கும் இடம் விட்டு வைத்தல் வேண்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் 15ஆம் தேதி மூடப்பட்டு 29ஆம் தேதியே திறக்கப்பட்டது. அவ்வெள்ளத்திலேயே மூணாறு–மறையூர் சாலையில் பெரியவாரைப் பாலமும் உடைந்தது. கொச்சியும் கோயம்புத்தூரும் நேர்கோட்டில் ஒத்த தொலைவில் இருத்தல் இவ்வூருக்கு அமைந்த ஒரு வாய்ப்பு. மேற்குச் சாலை தடைப்படும் நாட்களில் மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை வழியாகக் கோயம்புத்தூரை அடையும் வாய்ப்பைக் களப்பணியாளர் முன்கூட்டியே ஆராய்ந்து கூறலாம். அவ்வழியிலும் யானை நடமாட்டமும் மலைவளைவுகளும் உண்டு. ஆகவே பகற்பொழுதே ஏற்றது.

விளைபொருளுக்கும் இதே கணக்கு பொருந்தும். பூண்டு பல நாள் தாங்கும். அதற்கு நேரம் பெரிதன்று. அவரையும் கீரையும் அவ்வாறு தாங்குவன அல்ல. அவை வாடுவது கிலோமீட்டரால் அன்று, மணியால். அதிலும் வெயிலில் கழியும் மணியால். தொலைவான சந்தையைக் கண்டு மலைப்பதற்கு முன்னர், எந்தக் கட்டத்தில் எத்தனை மணி நேரம் செல்கிறது என்று பட்டியலிட்டுப் பார்த்தால், நீண்ட வழியின் தாமதம் பெரும்பாலும் அதன் முதல் 160 கிலோமீட்டரில் இருப்பது தெரியவரும். சரக்கை மாலையில் பறித்து இரவின் குளிர்ச்சியில் மலையிறக்குவது போன்ற எளிய ஏற்பாடும் அங்கேதான் பயன் தரும்.